படித்துப் புரிந்துகொண்டேன்

ஊர் விழிக்கும் முன்பே அந்தச் சலவை ஆலைக்குள் கோடை வந்துவிடும். வெளியே மூச்சுவிட்டால் புகை தெரிகிற குளிர். இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முகத்தில் நீராவி அறையும், கழுத்துப் பட்டை நனைந்துவிடும். மருத்துவமனைகளின் விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மூட்டை மூட்டையாகத் துவைத்துப் பிழியப்பட்டு, தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும். ஈர விரிப்பு தனியாகப் பார்க்கச் சாதுவாக இருக்கும். முறுக்கிக்கொண்டு கிடக்கும் குவியலிலிருந்து அதை உருவி, உதறி, இரண்டு மூலைகளைக் கண்டுபிடித்து, சூடான பெரிய உருளையின் வாயில் சுருக்கமில்லாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். காலையில் தோள் ஒத்துழைக்கும். மதியத்துக்குள் அது யாருடைய தோளோ என்று ஆகிவிடும்.

உருளைகள் ஓடத் தொடங்குவதற்கு முன் அங்கே ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு மெஷினின் தலைமாட்டிலும் ஒரு திரை. அதன் கீழே அவரவர் கார்டை வைத்தால், திரை முழுக்கப் பாதுகாப்பு விதிகள் வரும். விதிகளுக்கு அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்றும் இன்னொன்றில் 'புரியவில்லை' என்றும் இருக்கும். முதல் கட்டத்தை அழுத்தினால்தான் உருளை சூடாகும். எல்லாம் ஆங்கிலத்தில்.

"ரேடியோ, என்னோடதையும் அழுத்திடு."

"இந்தா, என் கார்டு. குளிச்ச தலை காயல, முடிஞ்சுகிட்டு வர்றேன்."

ரேடியோ எல்லாருடைய கார்டுகளையும் அவற்றின் நாடாவோடு வளையல் மாதிரி முழங்கைவரை மாட்டிக்கொண்டு வரிசையில் நடப்பாள். கார்டை வைப்பாள், கட்டத்தை அழுத்துவாள், அடுத்த மெஷினுக்குப் போவாள். அழுத்தும்போதே பின்னால் திரும்பி யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். காரணம் அது மட்டுமில்லை. பிறந்த வீட்டில் அவளைப் படிக்க வைத்தது ஆங்கிலத்தில். புகுந்த வீடு முழுக்கப் பிரெஞ்சில் படித்தவர்கள். மாமியாரிடம் திட்டு வாங்கியே இரண்டாவது மொழியைக் கற்றுக்கொண்டேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வரும், பிரெஞ்சு வராது. மீதிப் பாதிக்குப் பிரெஞ்சு வரும், ஆங்கிலத்தில் தங்கள் பெயரைத் தவிர வேறெதுவும் படிக்க வராது. இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற ஒரே ஆள் ரேடியோதான்.

வேலை செய்யும் இடத்தில் இரண்டு மொழிக்கும் சம இடம் என்று சட்டம் இருந்தது. வாசல் பலகையில் ஆலையின் பெயர் இரண்டிலும் ஒரே உயரத்தில், ஒரே நீலத்தில் எழுதியிருந்தது. சம இடம் அந்தப் பலகையோடு முடிந்தது. விடுப்புக் கேட்பது கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில். வேலை கற்றுத்தரும் படங்கள் ஆங்கிலத்தில். குறை சொல்ல ஒரு தொலைபேசி எண் உண்டு. பிரெஞ்சு வேண்டுமென்றால் இரண்டை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டு வரும். பாட்டு முடிந்ததும் இணைப்புத் துண்டாகிவிடும்.

"அந்தப் பாட்டை இப்ப நான் மெட்டு மாறாமப் பாடுவேன் அண்ணி," என்பாள் நாத்தனார். ரேடியோவின் கணவருடைய தங்கை அவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேர்த்துவிட்டது ரேடியோதான். அண்ணன் வீட்டுக் கூடத்தில் மகளோடு பாய் விரித்துப் படுப்பவள். தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விட வேண்டும், அதில் மகளுக்கு ஜன்னலோரம் ஒரு கட்டில் போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

வேடிக்கை என்னவென்றால், மெஷினுக்குப் பிரெஞ்சு தெரியும். வாங்கும்போதே இரண்டு மொழியோடும்தான் வந்தது. சூப்பர்வைசர் அதைப் பூட்டி வைத்திருந்தார். ரேடியோ ஒருமுறை அவரிடம் நேராகவே கேட்டாள்.

"அந்தப் பூட்டை எடுத்துவிட்டா உங்களுக்கு என்ன சார் குறைஞ்சிடும்?"

"நான் சுத்தி வரும்போது திரையைப் பார்த்தா எனக்குப் புரிய வேணாமா?"

"அதுல வேலை செய்யறவங்களுக்குப் புரிய வேணாமா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே," என்றார் அவர். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

அந்தப் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அன்று சாயங்காலம் அதை வீட்டிலும் சொன்னாள்.

விபத்து நடந்த அன்றும் அவள் வழக்கம்போல அழுத்திக்கொண்டுதான் போனாள். முந்தைய நாள் யாரோ ஒருவர் பெட்டியும் கம்பியுமாக வந்து மெஷின்களின் மூளையை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அதனால் விதிகளின் பக்கம் அன்று கொஞ்சம் நீண்டிருந்தது. அவளுடைய விரல் அதைக் கவனிக்கவில்லை. கட்டம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உருளை நிற்கும், மேலே தூக்கிக்கொள்ளும், தூக்கியபடியே இருக்கும். இப்போது தூக்கும், ஆனால் சூடு வீணாகாமலிருக்கக் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். அதைத்தான் அந்தப் புதிய வரிகள் சொல்லின. நாத்தனாரின் மெஷினில் ஒரு விரிப்பு சுருண்டு சிக்கியது. அவள் சிவப்பை அழுத்தினாள். உருளை தூக்கியது. கையை விட்டுத் துணியை இழுத்தாள். தலைக்கு மேலே திரையில் சிவப்பு எழுத்துகள் விட்டு விட்டு மின்னின.

கூடத்தின் மறுகோடியில் யாருக்கோ விடுப்பு விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவுக்கு அந்த அலறல் முதலில் யாருடையது என்றே தெரியவில்லை. வேகவேகமாக அங்கே ஓடியபோது, தையல்காரம்மா அவசரச் சங்கிலியை இழுத்துவிட்டிருந்தார். கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அந்த அம்மாவின் மேசை பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் தோல் இல்லை.

ஒரு வாரம் கழித்து முதலாளி இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கட்டுப்போட்ட கையோடு நாத்தனார். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ரேடியோ. முதலாளி குரல் உயர்த்தாதவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சூப்பர்வைசர் சுவரோரம் நின்றார். மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது.

"கவனக்குறைவா நடந்துகிட்டேன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். காயம் ஆறினதும் வேலைக்கு வரலாம். அவங்ககிட்ட சொல்லு."

ரேடியோ சொன்னாள்.

"நான் எதைக் கவனிக்கலையாம் அண்ணி?"

"எச்சரிக்கையை."

"சிவப்பா மின்னுச்சு. பஞ்சு அடைச்சாலும் சிவப்பாத்தான் மின்னும். ஆவி குறைஞ்சாலும் சிவப்பாத்தான் மின்னும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மின்னுது? அதுல எது என் கையைச் சுடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சொல்றாங்க?" என்றார் முதலாளி. ரேடியோ ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. அன்னிக்குக் காலையில படிச்சுப் புரிஞ்சுகிட்டதா அவங்க அழுத்தியிருக்காங்க."

ரேடியோ திரையில் அந்த நேரத்தைப் பார்த்தாள். "அது நான் சார்."

"எது?"

"அவ கார்டை வெச்சு அழுத்தினது நான். தினமும் எல்லாருக்கும் நான்தான் அழுத்தறேன். சூப்பர்வைசர் பார்த்துக்கிட்டேதான் நிப்பார்."

சூப்பர்வைசர் கூரையில் எதையோ தேடினார்.

"அடுத்தவங்க கார்டை நீ தொட்டது தனித் தப்பு," என்றார் முதலாளி. "அதைப் பிறகு பார்த்துக்கலாம். இப்ப இவங்க விஷயம்."

"பிரெஞ்சுல இருந்திருந்தா அவளே படிச்சிருப்பாளே சார்."

"மெஷின்ல பிரெஞ்சு இருக்கே. இல்லைன்னு யார் சொன்னது?"

"பூட்டி வெச்சிருக்கீங்க."

"தேவைப்படறவங்க கேட்டு வாங்கிக்கலாம்."

"நான் கேட்டேன். இவர்கிட்டத்தான் கேட்டேன்."

"முறையா கேட்டியா? அதுக்குன்னு ஒரு தொலைபேசி எண் வெச்சிருக்கோம். ரெண்டு மொழியிலயும் பேசலாம்."

ரேடியோ அந்த எண்ணில் வரும் பாட்டை நினைத்துக்கொண்டாள். இந்த மனிதரிடம் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு இருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் 'வருக' என்று எழுதியிருக்கிறது. ஒன்றும் திறப்பதில்லை.

நாத்தனார் இடது கையால் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இதுவும் இங்கிலீஷ்தானே அண்ணி?"

"ஆமா."

"அப்ப இதையும் படிக்காமலே நான் புரிஞ்சுக்கணுமா?"

அதை ரேடியோ மொழிபெயர்க்கவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. நாளைக் காலைக்குள் கையெழுத்து வராவிட்டால் கார்டு வேலை செய்யாது, வாசலைத் தாண்ட முடியாது என்று மட்டும் சொன்னார்.

உடை மாற்றும் அறையில் விஷயம் பரவியிருந்தது. துருப்பிடித்த அலமாரிகளுக்கு நடுவே பெஞ்சில் இடமில்லாமல் நின்றார்கள்.

"நீ படிச்சுட்டுத்தான் அழுத்தறேன்னு நினைச்சோம்," என்றார் தையல்காரம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனாலேயே அது சுட்டது.

"எல்லா மெஷினோட பக்கத்தையும் நின்னு படிச்சுட்டு இருந்தா நான் எப்ப விரிப்பு உதறுவேன்?" ரேடியோ வெடித்தாள். "லீவு எழுதணுமா, ரேடியோ. சம்பளச் சீட்டுல என்ன போட்டிருக்கு, ரேடியோ. போன் பண்ணணுமா, ரேடியோ. நான் என்ன எல்லாருக்கும் சேர்த்துப் பொறந்த கண்ணா? எனக்கு ரெண்டு தோள்தான் இருக்கு. அதுல என்னோட வேலைக்கே இடமில்ல."

சொல்லிவிட்டு அவளே அந்தச் சொற்களைக் கேட்டாள். சூப்பர்வைசருடைய 'நீ இருக்கியே' என்பதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் உறைத்தது. அவள் இருப்பதால்தான் மற்றது எதுவும் இல்லை. ஆலைக்குக் காசில்லாமல் கிடைத்த ஒட்டுத் துணி அவள். கிழிசல் மேல் அவளை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

"படிக்கத் தெரிஞ்ச நானே அதைப் படிக்கிறதில்ல," என்று ஒரு குரல் வந்தது. பெருமூச்சு. துவைக்கும் மெஷினில் மூட்டைகளை ஏற்றும் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலப் பக்கத்து ஆள். பேசுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு விடுவார், அதனால் அந்தப் பெயர். "சும்மா தட்டிவிட்டுப் போறதுதான். கையைச் சுட்டாத்தான் ஞாபகம் வருது."

ரேடியோ அதைத் தையல்காரம்மாவுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மா விரலால் காற்றில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டினார்.

"அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"புரியவில்லைன்னு."

"அதை அழுத்தினா என்ன ஆகும்?"

ரேடியோவுக்குத் தெரியவில்லை. அங்கே யாருக்குமே தெரியவில்லை. இத்தனை காலத்தில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

"நாளைக்குத் தெரிஞ்சுக்கலாம்," என்றார் தையல்காரம்மா. ரேடியோவின் முழங்கையில் தொங்கிய கொத்திலிருந்து தன் கார்டை உருவிக்கொண்டார். பின்னால் நின்றவள் தன்னுடையதை எடுத்தாள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். அந்தக் கை திடீரென்று லேசாகிவிட்டது ரேடியோவுக்கு வினோதமாக இருந்தது.

பெருமூச்சிடம் அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் தலையைச் சொறிந்தார். "உங்க மெஷின் நின்னா எங்களைத்தான் அதுல போய் நிக்கச் சொல்வான்."

"நிப்பீங்களா?"

"எனக்கு இங்கிலீஷ் புரியுதேம்மா. புரியலைன்னு நான் எப்படிப் பொய் சொல்றது? எனக்கும் வீடு இருக்கு." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, வெளியே போனார். ஆங்கிலப் பக்கத்து ஆட்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரேடியோ நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டாள். கட்டுப்போட்ட கையால் அவளுக்குச் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளை ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தது.

"போட்டுத் தொலைச்சிடட்டுமா அண்ணி? ஒரு கையெழுத்துதானே. இல்லைன்னா உங்க வேலையும் சேர்ந்து போயிடும்."

"தலையை ஆட்டாதே. பின்னல் கோணுது."

"நான் நிஜமாத்தான் கேக்கறேன்."

"போட்டா அறை எடுக்கலாம். சரி. மறுபடி அதே மெஷின், அதே சிவப்பு. அடுத்தது எந்தக் கை?"

சமையலறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வந்தா நான் ஒருத்தன் எப்படித் தாங்குவேன்?" கேட்டுவிட்டு, அவரே கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் வயித்தோட போகாதீங்க, காலையில எதாவது சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

மறுநாள் காலை ரேடியோ தன் ஒரே கார்டோடு மெஷின் முன் நின்றாள். மற்றவர்கள் அவரவர் மெஷின் முன்னால். திரைகளில் விதிகள் வந்தன. தையல்காரம்மா அன்று நாத்தனாரின் உருளையில் நின்றார். அவர்தான் முதலில் இரண்டாவது கட்டத்தை அழுத்தினார்.

மெஷின் எதுவும் செய்யவில்லை. அதுதான் செய்தி. திரை சாம்பல் நிறமானது, உருளை குளிர்ந்தபடியே கிடந்தது. அடுத்த மெஷினிலும் சாம்பல். அடுத்ததிலும். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ரேடியோ! என்ன இது? அழுத்திவிடு எல்லாத்தையும்."

"அடுத்தவங்க கார்டைத் தொடறது தப்பாம் சார். முதலாளி சொன்னார்."

அவர் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினார். எதுவும் அவருக்குப் பணியவில்லை. துவைத்த விரிப்புகள் தள்ளுவண்டிகளில் வந்து குவிந்தன, அவற்றை உருவ ஆளில்லை. ஆங்கிலப் பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ அந்தச் சத்தத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் அங்கே போனார். பெருமூச்சின் தோளைத் தட்டி இந்தப் பக்கம் காட்டினார்.

பெருமூச்சு நிமிர்ந்து பார்த்தார். சாம்பல் திரைகளின் முன்னால் கைகட்டி நின்ற பெண்களைப் பார்த்தார். தையல்காரம்மா நின்ற உருளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த மெஷின்ல எனக்குப் பழக்கமில்ல," என்றார்.

"துணியைக் கொடுத்தா அதுவே இழுத்துக்கும்!"

"இருக்கலாம். அதுல ஒரு பொண்ணு கை வெந்துச்சு. ஏன் வெந்துச்சுன்னு இன்னும் எனக்கு யாரும் சொல்லல. அது தெரியாம நான் நிக்கமாட்டேன்." அன்று அவர் மூச்சுவிட மறந்துவிட்டார். தன் மெஷினின் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் தயங்கினான், சபித்தான், அவனும் அழுத்தினான். ஒருவன் மட்டும் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டே இருந்தான். வரவேண்டிய துணி வராததால் அவனுடைய மெஷினும் காலியாகச் சுற்றியது.

நீராவிக் குழாய்கள் தளர்ந்து சொட்டத் தொடங்கின. அந்தக் கூடத்தில் ஒருவர் குரலை ஒருவர் கத்தாமல் கேட்க முடியும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதனால்தான் சரக்கு வாசலின் தகரக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுவதும் கேட்டது.

நாத்தனார்தான். வாசலில் அவள் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததாம். சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்திருந்தாள். பெருமூச்சு போய்க் கதவைத் தூக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். கனமான தகரம் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. தையல்காரம்மா போய்ச் சேர்ந்து பிடித்தார். இரண்டு பேருக்கும் பொது வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவர் இழுக்கும்போது அந்த அம்மாவும் இழுத்தார். நாத்தனார் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள். குளிர்காற்றும் அவளோடு வந்தது.

முதலாளி அப்போதுதான் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"இவங்களை உள்ள விட்டது யாரு?"

"நான்," என்றார் பெருமூச்சு.

"என்ன கேக்கறார்?" என்று தையல்காரம்மா ரேடியோவைப் பார்த்தார். அவள் சொன்னாள். "நானும்தான்," என்றார் அந்த அம்மா பிரெஞ்சில். அதோடு நிற்கவில்லை. பூட்டைத் திறக்கும்வரை யாரும் அந்த முதல் கட்டத்தைத் தொடப் போவதில்லை என்றும், இந்தப் பெண் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டாள் என்றும் நிதானமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். இன்னொருத்தி வேறு ஏதோ சேர்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி ரேடியோ பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க?"

ரேடியோவின் நாக்கு நுனிவரை ஆங்கிலம் வந்துவிட்டது. பழக்கம். அதை அடக்கிக்கொள்ள அவள் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

"நான் இங்க விரிப்பு போடற ஆள் சார். அதுக்குன்னு ஆள் வையுங்க."

"வேலை போயிடும். தெரியுமா?"

"தெரியும்."

"அவங்களுக்கும் சொல்லு. இன்னும் கொஞ்ச நேரத்துல மெஷின் ஓடலைன்னா எல்லாருக்கும் அதேதான். சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால், சொந்த ஆலையின் நடுவில், முதலாளி சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் நின்றார். பிறகு கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார். பிரெஞ்சு தெரிந்த ஆளைக் கேட்பதற்கா, போலீஸை வரச் சொல்வதற்கா என்று தெரியவில்லை. வெளியே சரக்கு வண்டிக்காரன் ஒலி எழுப்ப ஆரம்பித்தான்.

நாத்தனார் நிற்க முடியாமல் உருளையில் சாய்ந்தாள். அது குளிர்ந்திருந்தது. ரேடியோ ஒரு தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் ஓரமாக உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். அந்தப் பக்கம் பெருமூச்சு வந்து உட்கார்ந்தார். அவர் தையல்காரம்மாவைப் பார்த்து, திரையில் இரண்டாவது கட்டம் இருந்த இடத்தை விரலால் காட்டி, ஏதோ கேட்க முயன்றார். அந்த அம்மா பிரெஞ்சில் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அவர் அதைத் திருப்பிச் சொன்னார், தப்பாக. அந்த அம்மா மறுபடி சொல்லிக் கொடுத்தார்.